கேட்ச்-22 ஜோக்குப் புத்தகம் இல்லீங்க, மக்களே!

போன ஞாயித்துக்கிழமை டீக்கடையில ஆரம்பிச்ச சண்டை இது. வீட்டுக்கு வந்தும் ஆறலை. அதான் இங்கே கொட்டிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாவே போகும், டீயோ காபியோ வேணும்னா இப்பவே போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

விஷயம் ரொம்பச் சின்னது. நண்பர் ஒருத்தர் வாடகை வீடு மாறியிருக்கார். கேஸ் கனெக்‌ஷனைப் புது வீட்டுக்கு மாத்தணும்னா முகவரிச் சான்று வேணுமாம். முகவரிச் சான்றா எதைக் காட்டறதுன்னு கேட்டா, கேஸ் பில்லைக் காட்டுன்னு சொல்றாங்களாம். "சரியான கேட்ச்-22 மச்சி"ன்னு சொல்லிட்டு அவரே சிரிச்சார். சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க. நான் டீயைக் குடிச்சுட்டு வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம். வாய் கேக்குமா? "அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கியா?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

நண்பர் சொன்னார்: "படிக்கல. ஆனா மேட்டர் தெரியும். காமெடி நாவல்தானே?"

பக்கத்துல இருந்த இன்னொருத்தர், காலேஜ்ல பாடம் எடுக்கறவர், சொன்னார்: "நான் நூறு பக்கம் படிச்சேன். ஒரு எழவும் புரியலை. கதையே இல்லை. வந்த ஆளே திரும்பத் திரும்ப வர்றான், நடந்ததே திரும்பத் திரும்ப நடக்குது."

மூணாவது, எங்க தெருப் பெரியவர். ரிட்டயர்டு. பேப்பர்ல ராணுவச் செய்தி ஒண்ணு விடாம படிக்கறவர். அவர்தான் உச்சம்: "ஹிட்லரை எதிர்த்து உயிரைக் கொடுத்தவனையெல்லாம் கிண்டல் பண்ற புத்தகம் தம்பி அது. கோழைக்கு வக்காலத்து. உன்னை மாதிரி ஆளுங்க சிரிச்சுக்கிட்டே படிப்பீங்க."

மூணுமே தப்பு. அதுவும் ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வெச்சா ஒண்ணை ஒண்ணு தாங்கிப் பிடிக்கற தப்பு. ஏன்னு சொல்றேன். (கதை முன்கூட்டியே தெரியக்கூடாதுன்னு நினைக்கறவங்க இங்கேயே ஜூட் விட்டுடலாம். முடிவு வரைக்கும் உடைக்கப் போறேன்.)

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. எழுதினவர் ஜோசப் ஹெல்லர். 1923ல நியூயார்க்ல, கோனி ஐலண்ட் பக்கம் பிறந்தவர். பத்தொன்பது வயசுல அமெரிக்க ராணுவத்தோட விமானப் பிரிவுல சேர்ந்து, 1944ல கார்சிகா தீவுல இருந்து பி-25 விமானத்துல குண்டு போடற ஆளா 60 மிஷன் பறந்தவர். போர் முடிஞ்சு, படிச்சு, பத்திரிகைகளோட விளம்பரப் பிரிவுல வேலை பார்த்துக்கிட்டே ராத்திரி ராத்திரியா இந்த நாவலை எழுதினார். 1953ல ஆரம்பிச்சது 1961லதான் புத்தகமா வந்துச்சு. முதல்ல வெச்ச பேரு 'கேட்ச்-18'. அதே வருஷம் லியோன் யூரிஸோட 'மிலா 18' வருதுன்னு தெரிஞ்சதும் நம்பரை 22ஆ மாத்திட்டாங்க. உலகம் பூரா புழங்கற ஒரு சொல்லுக்குப் பின்னாடி இருக்கற கதை இவ்வளவுதான் :-)

இப்போ சண்டைக்கு வருவோம்.

1. "காமெடிதானே?"

கேட்ச்-22ன்னா என்னன்னு பொதுவா எல்லாரும் சொல்றது இது: பைத்தியம் பிடிச்சவனை விமானத்துல அனுப்பக்கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா அவனே வந்து கேட்கணும். 'என்னை அனுப்பாதீங்க'ன்னு கேட்டா, உயிர் மேல பயம் இருக்கு, அதனால புத்தி தெளிவா இருக்கு, அதனால போய்த்தான் ஆகணும். கேட்காம பறந்துக்கிட்டே இருந்தா பைத்தியம். ஆனா அவன் கேட்கவே இல்லையே, எப்படி விடறது?

நம்ம ஊர்க் கிழவிங்க இதை என்னைக்கோ சொல்லிட்டாங்க. கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும். ரெண்டுலயும் பைத்தியம்தான், ரெண்டுலயும் சுத்துற வட்டம்தான். நானும் ரொம்ப நாளா ரெண்டும் ஒண்ணுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல லீவு கேட்கறதுல இருந்து, அனுபவம் இருந்தாத்தான் வேலை, வேலை கிடைச்சாத்தான் அனுபவம் வரைக்கும் எல்லாத்துக்கும் 'கேட்ச்-22' போட்டவன்தான் நானும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. பழமொழியில வர்ற வட்டத்தால யாருக்கு என்ன லாபம்? ஒருத்தருக்கும் இல்லை. தலைவிதி அப்படி, அவ்வளவுதான். ஹெல்லர் நாவல்ல வர்ற வட்டம் அப்படி இல்லை. அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு ஆள் வசதியா உட்கார்ந்திருக்கான். அவன் பேரு கர்னல் காத்கார்ட். அவனுக்கு ஜெனரல் ஆகணும், பத்திரிகையில பேர் வரணும். அதுக்காகத் தன் ஆளுங்க பறக்க வேண்டிய மிஷன் எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போறான். 25, 30, 40, 55, 60ன்னு போய் கடைசியில 80ல வந்து நிக்குது. இன்னும் அஞ்சு பறந்தா வீட்டுக்குப் போகலாம்னு ஒருத்தன் பெட்டியைக் கட்டி வெச்சிருப்பான். அன்னைக்குச் சாயங்காலம் எண்ணிக்கை ஏறியிருக்கும்.

நாவல்ல இன்னொரு வட்டம் இருக்கு, அதை யாரும் மேற்கோள் காட்டறதே இல்லை. மேலிடத்துச் சட்டப்படி 40 மிஷன் போதும். கதாநாயகன் யொஸாரியன் 48 முடிச்சுட்டான். அப்போ வீட்டுக்குப் போகலாமே? முடியாது. 40 முடிச்சா போகலாம்னுதான் மேலிடம் சொல்லுது, போயே ஆகணும்னு சொல்லலை. மேலதிகாரி உத்தரவுக்குக் கீழ்ப்படியணும்னு இன்னொரு விதி இருக்கு. கர்னல் மேலிடத்தை மதிக்காம உத்தரவு போட்டாலும் நீ கர்னலை மதிச்சுத்தான் ஆகணும். இதுல என்ன லாஜிக் புதிர் இருக்கு? பச்சையான அதிகாரம். புதிர் மாதிரி சட்டை போட்டுக்கிட்டு வருது, அவ்வளவுதான்.

கடைசிப் பகுதியில ஹெல்லர் அந்தச் சட்டையையும் கழட்டிடறார். ரோம்ல ஒரு விடுதி. அங்கே இருந்த பொண்ணுங்களையெல்லாம் ராணுவப் போலீஸ் துரத்தி விட்டுடுது. தனியா அழுதுக்கிட்டு இருக்கற கிழவிகிட்ட யொஸாரியன் 'எந்த உரிமையில செஞ்சாங்க'ன்னு கேட்கறான். அவ சொல்ற பதில்: கேட்ச்-22. நம்மால தடுக்க முடியாத எதையும் செய்யறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்காம். அந்தச் சட்டத்தைக் காட்டச் சொன்னியான்னு கேட்டா, காட்ட வேண்டியதில்லைன்னும் அதே சட்டத்துல இருக்காம்! அப்பத்தான் அவனுக்கு உறைக்குது, அப்படி ஒரு சட்டமே இல்லைன்னு. இருந்தாலாவது கிழிச்சுப் போடலாம், திருத்தலாம், எதிர்த்து வழக்குப் போடலாம். இல்லாத ஒண்ணை என்ன பண்றது? இருக்குன்னு எல்லாரும் நம்பறாங்க, அது போதும்.

கேஸ் கனெக்‌ஷனுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீங்கன்னு நான் சட்டம் போட வரலை. போட்டா அதுவும் ஒரு கேட்ச்-22 ஆயிடும். ஆனா 'ஐயோ, வட்டமா இருக்கே'ன்னு சிரிக்கறதுக்கும், 'இந்த வட்டத்தை வரைஞ்சது யாரு, அதுல அவனுக்கு என்ன கிடைக்குது'ன்னு கேட்கறதுக்கும் நடுவுல ஒரு மலையளவு தூரம் இருக்கு. ஹெல்லர் கேட்கச் சொன்னது ரெண்டாவது கேள்வி. நாம முதல் சிரிப்போட எழுந்து போயிடறோம்.

2. "கதையே இல்லை"

காலேஜ் சாருக்கு இது. சார், கதை இருக்கு. நீங்க நாள், வருஷம் தேடினீங்க. ஹெல்லர் காலண்டர் வைக்கலை. மிஷன் எண்ணிக்கையைத்தான் வெச்சார். ஒரு அத்தியாயத்துல 45ன்னு வந்தா அது முன்னாடி நடந்தது, 60ன்னு வந்தா பின்னாடி நடந்தது. இன்னும் எத்தனை தடவை சாவுக்குப் பக்கத்துல போகணும்ங்கறதுதான் அந்த ஆளுங்களுக்குத் தேதி. அதை விட நேர்மையா போர்க் காலத்தை எப்படி அளக்கறது?

சொன்னதையே திரும்பச் சொல்றார்னு சொன்னீங்களே, அங்கேதான் வேலையே இருக்கு. ஒரு உதாரணம். யொஸாரியனுக்கு மெடல் குத்தற விழா. எல்லாரும் மிடுக்கா வரிசையில நிக்கறாங்க. ஜெனரல் டிரீடில் மெடலோட வர்றார். நம்ம ஆள் பிறந்தமேனியா நிக்கறான். ஒட்டுத்துணி இல்லை! நான் முதல் தடவை படிச்சப்போ பஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

அந்த மெடல் எதுக்கு? ஃபெராராங்கற ஊர்ப் பாலத்து மேல முதல் சுத்துல குண்டு போட முடியலைன்னு ரெண்டாவது சுத்து சுத்தினான். பாலம் உடைஞ்சுது. ஆனா அந்த ரெண்டாவது சுத்துல பின்னாடி வந்த விமானம் விழுந்து கிராஃப்ட்ங்கற பையனும் அவனோட இருந்தவங்களும் செத்துட்டாங்க. இது தப்பா சாதனையான்னு அதிகாரிகளுக்கே குழப்பம். தப்புன்னு ஒத்துக்கிட்டா மானம் போகும். அதனால மெடல் கொடுத்து, பதவி உயர்வும் கொடுத்து, சாதனையாக்கிடறாங்க. இதுவும் படிக்கும்போது சிரிப்புத்தான் வரும்.

சரி, துணி ஏன் போடலை? அதுக்கான பதில் துண்டு துண்டா வரும். அவிக்னான்ங்கற ஊர் மேல பறந்தப்போ ஸ்னோடன்னு ஒரு சின்னப் பையன், கன்னர், விமானத்துக்குள்ளேயே அடிபட்டுச் சாகறான். யொஸாரியன் உடுப்பு முழுக்க அவன் ரத்தம். அதுக்கப்புறம் அவனால அந்த உடுப்பைப் போட முடியலை. ஸ்னோடன் பேர் ஆரம்பத்துலயே வரும், ஏதோ ஒரு வரியில. அப்புறம் இன்னொரு வரி கூடும். அப்புறம் அவன் குளுருதுன்னு சொன்னது வரும். புத்தகம் முடியப் போற நேரத்துல, 41ஆவது அத்தியாயத்துலதான் முழுசும் வரும். தொடையில இருந்த காயத்துக்கு யொஸாரியன் ரொம்பப் பொறுப்பா, கவனமா கட்டுப் போட்டு முடிக்கறான். தேறிடுவான்னு நினைக்கறான். அப்புறம்தான் தெரியுது, உண்மையான காயம் கவச உடுப்புக்கு உள்ளே இருக்கு. அதுக்கு மேல நான் எழுதலை. நீங்களே படிச்சுக்குங்க.

இப்போ அந்த அம்மண ஜோக்கைத் திரும்ப நினைச்சுப் பாருங்க. சிரிக்க முடியுதா? இதுதான் இந்தப் புத்தகத்தோட கட்டுமானம். முதல்ல சிரிக்க வைப்பார். முன்னூறு பக்கம் கழிச்சு அந்தச் சிரிப்புக்குப் பில் வரும். நூறு பக்கத்துல மூடி வெச்சுட்டு 'காமெடி, கதை இல்லை'ன்னு சொல்றது, சாப்பிட்டுட்டுப் பில் வர்றதுக்குள்ள எழுந்து போறதுதான்.

அந்த விமானத்துல இன்னொரு விஷயமும் நடக்குது. ஸ்னோடனோட வலிக்கு மார்ஃபின் போடலாம்னு யொஸாரியன் முதலுதவிப் பெட்டியைத் திறக்கறான். மார்ஃபின் இல்லை. மைலோ எடுத்துட்டான். மைலோ மைண்டர்பைண்டர்ங்கறவன் மெஸ் அதிகாரி. முட்டை வாங்கி வித்து ஆரம்பிச்சு உலகம் பூரா வியாபாரம் பண்றான். எல்லாருக்கும் அதுல பங்கு இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். ஒரு பாலத்தைத் தாக்க அமெரிக்கர்கள்கிட்ட கான்ட்ராக்ட், அதே பாலத்தைக் காப்பாத்த ஜெர்மன்காரங்ககிட்ட கான்ட்ராக்ட். கடைசியில ஜெர்மன்காரங்ககிட்ட காசு வாங்கிட்டுத் தன் சொந்த முகாம் மேலயே குண்டு போடறான். ஊரே கொதிக்குது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து லாபத்தைக் காட்டறான். கொதிப்பு அடங்கிடுது. கடல்ல விழுந்தா மிதக்கறதுக்குப் போடற உடுப்புல காத்தடிக்கற சிலிண்டர் இருக்குமே, அதையும் ஐஸ்க்ரீம் சோடா போட எடுத்துட்டான்.

கவனிங்க, மைலோ கெட்டவன் இல்லை. அவன்கிட்ட வெறுப்பே கிடையாது. அன்பா பேசுவான், கடுமையா உழைப்பான். அதனாலதான் அவனைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. வில்லன்னா அடையாளம் தெரியும். பங்கு கொடுக்கறவனை யாரு வில்லன்னு சொல்லுவா?

3. "கோழைக்கு வக்காலத்து"

பெரியவருக்கு மரியாதையோடவே சொல்றேன்.

ஐயா, அந்தக் கோழை 70 மிஷன் பறந்திருக்கான். நாவல்லேயே மேஜர் டான்பிங்கற நல்ல மனுஷன், நீங்க கேட்ட கேள்வியைத்தான் கேட்கறான். இது ஹிட்லருக்கு எதிரான போராச்சே, நாடு ஆபத்துல இருக்கேன்னு. யொஸாரியன் அதை மறுக்கவே இல்லை. 70 தடவை அந்தப் போருக்காகத்தான் பறந்தேன், ஜெர்மனி தோத்துக்கிட்டு இருக்கு, இனிமே என்னை அனுப்பறது நாட்டுக்காக இல்லை, காத்கார்ட் ஜெனரல் ஆகறதுக்காகங்கறதுதான் அவன் சொல்றதோட சாரம். ஹிட்லரை எதிர்த்தது சரியா தப்பாங்கறது இந்த நாவலோட கேள்வியே கிடையாது. சரியான போருக்குள்ளேயும் உன் உயிரைத் தன் பதவிக்குச் செலவு பண்ற ஒருத்தன் இருப்பான், அவன் உன் பக்கத்து ஆளாவே இருப்பான், அவனை என்ன பண்றதுங்கறதுதான் கேள்வி.

மிஷன் எண்ணிக்கை ஏர்றது ஹெல்லர் கிளப்பி விட்ட கற்பனைன்னும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்துல இருந்து பறந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையில கனரகக் குண்டுவீச்சு விமானக் குழுக்களுக்கு முதல்ல 25 மிஷன்தான் கணக்கு. 1944ல அது 30 ஆச்சு, அப்புறம் 35 ஆச்சு. அதுக்குக் காரணங்கள் இருந்திருக்கும். நடுவுல மாட்டினவனுக்குக் காரணம் எதுவானாலும் ஒண்ணுதான். இன்னும் கிட்டத்துல வேணுமா? 'ஸ்டாப்-லாஸ்'னு ஒரு ஏற்பாடு. ஒப்பந்தக் காலம் முடிஞ்ச சிப்பாயை வீட்டுக்கு விடாம சேவையை நீட்டிக்கறது. 2001க்கு அப்புறம் ஆப்கானிஸ்தான், இராக் போர்கள்ல அமெரிக்க ராணுவம் அதைப் பயன்படுத்துச்சு. யொஸாரியன் இருந்திருந்தா பேரைக் கேட்டதும் புரிஞ்சிருக்கும்.

செத்தவனுக்கு மெடல் கொடுத்துத் தப்பை மூடறதும் கற்பனை இல்லை. பாட் டில்மன்னு அமெரிக்காவுல பிரபலமான ஃபுட்பால் வீரர். கோடிக்கணக்கான சம்பளத்தை விட்டுட்டு 2002ல ராணுவத்துல சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22ஆம் தேதி ஆப்கானிஸ்தான்ல செத்துப் போனார். எதிரியோட சண்டையில வீரமரணம்னு சில்வர் ஸ்டார் விருது கொடுத்தாங்க, பெரிய அஞ்சலிக் கூட்டம் நடந்துச்சு. தன் பக்கத்து ஆட்கள் சுட்ட குண்டுலதான் செத்தார்ங்கறது குடும்பத்துக்குத் தெரிய ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஃபெராராவுல குத்தின மெடலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியலை. ஹெல்லர் 1999 டிசம்பர்ல செத்துட்டார். இதைப் பார்க்கலை.

இன்னொண்ணு. ராணுவத்தைக் கேவலப்படுத்தற புத்தகம்னா ராணுவக்காரங்கதானே முதல்ல கொதிக்கணும்? 1986ல, புத்தகம் வந்து 25 வருஷம் ஆனதைக் கொண்டாட ஹெல்லரைக் கூப்பிட்டது யாரு தெரியுமா? அமெரிக்க விமானப்படை அகாடமி! நாளைக்கு அதிகாரி ஆகப்போற பசங்களுக்கு நடுவுல. ஆனா 1972ல ஒஹையோ மாநிலத்து ஸ்ட்ராங்ஸ்வில் ஊர்ப் பள்ளி நிர்வாகம் இந்தப் புத்தகத்தை எடுத்துட்டுது. 1976ல கோர்ட்டு தலையிட வேண்டி வந்துச்சு. விமானப்படைக்கு வராத கோபம் பள்ளிக்கூட கமிட்டிக்கு வந்திருக்கு. போர்க்களத்துக்குத் தூரமா போகப் போகத்தான் தேசபக்திக்கு உப்புக் காரம் கூடுது போல. இதை நம்ம ஊர் சோபாவுல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டே 'அடிச்சுத் தூக்கணும் சார்'னு சொல்றவங்களுக்கும் சமர்ப்பணம் பண்றேன்.

அதுக்காக ஹெல்லரைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு ஆடவும் மாட்டேன். தன்னோட சொந்த அதிகாரிங்க நல்லவங்கதான்னு அவரே சொல்லியிருக்கார். கேலி பண்ணினதுல பாதி, அவர் எழுதிக்கிட்டிருந்த 1950களோட அமெரிக்கா. சாப்பாட்டு வரிசையில உப்பு எடுக்கறதுக்குக்கூட விசுவாச உறுதிமொழியில கையெழுத்துப் போடணும்னு கேப்டன் பிளாக் ஆட்டம் போடற அத்தியாயம், மெக்கார்த்தி காலத்து வேட்டையைப் பார்த்து எழுதினது. பொண்ணுங்க விஷயத்துல ஹெல்லர் பயங்கர மோசம். நேட்லி காதலிக்கற பொண்ணுக்குக் கடைசி வரைக்கும் ஒரு பேர்கூட வைக்கலை மனுஷன். நடுவுல ஒரு நூறு பக்கம் அரைச்ச மாவையே அரைக்கறார். 1961ல நியூயார்க் டைம்ஸ் புத்தகப் பகுதியில நல்லா திட்டித்தான் எழுதினாங்க. எல்லாத்தையும் ஒத்துக்கறேன்.

ஆனா ரோம் நகரத்து அத்தியாயம் ஒண்ணு இருக்கு. ஆர்ஃபிங்கற கூட்டாளி, வேலைக்காரப் பொண்ணு ஒருத்தியைக் கெடுத்து, கொன்னு, ஜன்னல் வழியா வீசிடறான். போலீஸ் பூட்ஸ் சத்தம் மாடிப்படியில கேட்குது. ஆர்ஃபி முகம் வெளுக்குது. கதவை உடைச்சுக்கிட்டு உள்ளே வந்த ராணுவப் போலீஸ் யாரைக் கைது பண்றாங்க? யொஸாரியனை. அனுமதிச் சீட்டு இல்லாம ரோமுக்கு வந்ததுக்காக. ஆர்ஃபிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாங்க. இந்த இடத்துல சிரிச்ச ஒரு ஆளைக் காட்டுங்க, நான் மொட்டை போட்டுக்கறேன்.

கடைசியா, என் பெரியப்பா

இதை எழுதணுமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

என் பெரியப்பா பட்டாளத்துல குமாஸ்தாவா இருந்தவர். டைப்ரைட்டர்தான் அவர் துப்பாக்கி. சண்டைக் கதை கேட்டா 'நான் பார்த்ததெல்லாம் கார்பன் பேப்பர்தான்டா'ன்னு சொல்லிடுவார். திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல பழைய கேட்ச்-22 வாங்கிப் படிச்ச புதுசுல, டாக்டர் டானீகா கதையை அவர்கிட்ட விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

கதை இதுதான். டாக்டருக்கு விமானம்னா பயம். பறந்த மாதிரி கணக்குக் காட்டப் பட்டியல்ல பேரை மட்டும் எழுதச் சொல்லிடுவார். ஒருநாள் அந்த விமானம் மலையில மோதிடுது. பட்டியல்ல பேர் இருக்கறதால டாக்டர் செத்துட்டார்னு பதிவாயிடுது. டாக்டர் அங்கேயே நின்னுக்கிட்டு 'இதோ இருக்கேன்'னு கத்தறார், யாரும் கேட்கலை. ஊர்ல பொண்டாட்டிக்குத் தந்தி போகுது, இன்ஷூரன்ஸ் பணம் போகுது. நான் உயிரோட இருக்கேன்னு டாக்டர் எழுதின கடிதமும் போகுது. அவ குழம்பிக் கிடக்கறப்போ கர்னல்கிட்ட இருந்து இரங்கல் கடிதம் வருது. அச்சடிச்ச கடிதம். திருமதி, திரு, செல்வின்னு எல்லாம் வரிசையா இருக்கு. புருஷனோ மகனோ அப்பாவோ அண்ணனோ, எதுவும் அடிக்கப்படலை. அவ குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிடறா, முகவரிகூட கொடுக்காம.

நான் சிரிச்சு முடிச்சேன். பெரியப்பா சிரிக்கலை. கொஞ்ச நேரம் வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "எங்ககிட்டயும் ஒரு மாதிரிக் கடிதம் இருந்துச்சுடா. பேரு, நம்பரு, ஊரு மூணுக்கும் இடம் விட்டிருக்கும். நான் ரொப்புவேன். ஒரு தடவை ரெண்டு வரி சொந்தமா சேர்த்து அடிச்சேன். பையன் நல்லாப் பாடுவான்னு. அதிகாரி அடிச்சுட்டு, திரும்ப அடிக்கச் சொல்லிட்டார். தப்பில்லை, அவருக்கு விதி. நீ சிரிக்கறதும் தப்பில்லை. ஆனா அதைப் பிரிச்சுப் படிச்சவ சிரிச்சிருக்க மாட்டா."

அதுக்கப்புறம்தான் இந்தப் புத்தகத்தை ரெண்டாவது தடவை படிச்சேன். யொஸாரியன் கூடாரத்துல செத்துப் போன மட்ங்கற பையனோட மூட்டை கிடக்கும். பதிவேட்டுல வந்து சேர்ந்ததா கையெழுத்துப் போடறதுக்குள்ள செத்துட்டான். அதனால அவன் வரவே இல்லை, வராதவன் மூட்டையை எப்படி எடுக்கறதுன்னு விட்டுட்டாங்க. டாக்டர் உயிரோட இருக்கார், காகிதத்துல செத்துட்டார். மட் செத்துட்டான், காகிதத்துல வரவே இல்லை. முதல் தடவை படிச்சப்போ ரெண்டும் எனக்கு ஜோக். ரெண்டாவது தடவை, அந்த மூட்டைக்குள்ள என்ன இருந்திருக்கும்னு மட்டும்தான் யோசனை.

நண்பருக்குக் கேஸ் கனெக்‌ஷன் சீக்கிரம் கிடைக்கட்டும். காலேஜ் சார் 101ஆவது பக்கத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்கட்டும். பெரியவருக்கு என்னோட பிரதியையே கொடுத்திருக்கேன், பின் அட்டை கிழிஞ்சது. வாங்கிக்கிட்டார். "படிச்சுட்டுத் திட்டறேன்"ன்னு சொன்னார். அது போதும்.

டிஸ்கி: 1970ல மைக் நிக்கோல்ஸ் எடுத்த படத்தைப் பார்த்துட்டு, இல்லேன்னா 2019ல வந்த தொடரைப் பார்த்துட்டு 'நான் படிச்ச மாதிரிதான்'னு சண்டைக்கு வராதீங்க. புத்தகத்தைப் படிச்சுட்டு வந்து திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆட்டோ எல்லாம் அனுப்ப வேண்டாம் :-)